அந்த ஆராதனையில் ஏன் அப்படி அழுதேன், டாக்டர்?

வாசகிக்கு 42 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பாட்டன் காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். போன வருடம் அம்மா இறந்த பிறகு இவருக்குத் தூக்கம் போனது, எதிலும் பிடிப்பில்லாமல் ஆனது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிட்டு, ஒழுங்காக வகுப்பெடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தார்.

உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பலமுறை கூப்பிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவருடைய பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். தகரக் கூரை போட்ட மண்டபம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரையில் பாய். பெண்கள் ஒரு பக்கம், முக்காடிட்டு, அநேகமாக நகையில்லாமல். கையில் பிடித்து வாசிக்க ஆராதனை முறைமைப் புத்தகம் இல்லை, அங்கி போட்ட ஆயரும் இல்லை. கீபோர்டும் பேடும் கைத்தட்டலுமாகப் பாட்டு ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். பக்கத்திலிருந்த அம்மா, அந்நிய பாஷை என்கிறார்களே, அப்படிப் புரியாத பாஷையில் பேசினார். முன்வரிசையில் ஓர் இளைஞன் விழுந்தான். வாசகிக்கு முதலில் பயம். கொஞ்ச நேரத்தில் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து, ‘உன் தூக்கத்தைக் கெடுக்கிற ஆவி இன்றைக்கு விலகுகிறது’ என்றார். வீட்டுக்கு வந்தபோது உடம்பு இலேசாக இருந்தது, இரவு நல்ல தூக்கம். காதில் மட்டும் மறுநாள் வரை ஓர் இரைச்சல்.

மறுநாள் பள்ளியில் அந்த அக்கா, ‘விடுதலை கிடைச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு? சாப்பிட்டா அது அவிசுவாசம்’ என்றார். வாசகி நிறுத்திவிட்டார். மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாளிலிருந்து தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு, பயங்கரக் கனவுகள், காரணமில்லாத எரிச்சல். அக்காவிடம் கேட்டால், ‘பிசாசு போகும்போது அப்படித்தான் படுத்தும், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கு வா’ என்கிறார். மகள் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். ஆராதனைக்குப் போனது கணவருக்குத் தெரிந்து வீட்டில் சண்டை. மாத்திரை நிறுத்தியது அவருக்குத் தெரியாது. ‘அமெரிக்காக்காரன் கொண்டுவந்த வசியக் கூட்டம்’ என்பது மாமியாரின் தீர்ப்பு. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: அம்மாவின் தம்பி ஒருவர் இளம் வயதில் வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்து, திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரியில் சில காலம் இருந்தாராம்.

எனக்கு நடந்தது வசியமா, ஆவியா, பைத்தியமா? என் தூக்கத்தைப் பற்றி பாஸ்டருக்கு எப்படித் தெரிந்தது? மறுபடி போகலாமா? இதுதான் அவர் கேட்பது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. நிறுத்திய மாத்திரையும் உங்கள் மாமாவைப் பற்றிய அந்த ஒற்றை வரியும்தான் எனக்கு முதலில் வருகின்றன. மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்க நாள் இருக்கிறது. இவற்றுக்கு இல்லை.

முதலில் மாத்திரை

நான்காம் நாள் தொடங்கிய தலைசுற்றலும் ஷாக்கும் கனவுகளும், இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வருகிறவை. மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமானவை. எஸ்சிட்டலோபிராமின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. ‘மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்’ என்று நீங்கள் நம்பிய நாட்களில் மருந்து இன்னும் உங்கள் உடம்பில் இருந்தது. அது வடிந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்திருக்கிறது. இதற்குப் பிசாசைத் தேட வேண்டியதில்லை. ‘அப்படியானால் நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா’ என்றும் பயப்பட வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரைகளில்கூடச் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவற்றை யாரும் போதை மருந்து என்பதில்லை.

இந்தத் தொந்தரவு பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும், சிலருக்கு நீளும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இதெல்லாம் அடங்கிய பிறகு மெதுவாகத் திரும்பக்கூடிய மனச்சோர்வு. அது ஒரு மாதம் கழித்து வரலாம், மூன்று மாதம் கழித்தும் வரலாம். அப்போது ‘என் விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி’ என்று உங்களையே குற்றம் சொல்லத் தொடங்குவீர்கள். அந்த நிலையில் வந்து உட்காரும் பெண்களை என் அறையில் நிறையவே பார்க்கிறேன்.

மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். நீங்கள் அந்தக் கட்டத்தை நெருங்கியிருக்கவும் கூடும். அதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இந்த வாரமே அவரைப் பாருங்கள். என்றைக்கு நிறுத்தினீர்கள், என்றைக்கு என்ன தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அநேகமாக அதே அளவில் மறுபடி தொடங்கச் சொல்வார். விட்டதை ஈடுகட்ட இரண்டிரண்டாக விழுங்க வேண்டாம். ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி எண்ணம் ஒருமுறை வந்தால்கூட வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அன்றைக்கே போங்கள். எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

உங்கள் மாமாவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? வாரக்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார் என்பது, மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயாக இருந்திருக்கலாம். ஒரு வரியை வைத்து நான் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கு இந்த மாத்திரை கொடுக்கும்போதே மருத்துவர் கூடுதலாகக் கவனிப்பார். தூக்கத்தை வேண்டுமென்றே கெடுப்பதும் உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து. இரண்டு மூன்று இரவு தூக்கம் போவதே மனம் தறிகெட்டு ஓடத் தொடங்குவதற்குப் போதுமான தூண்டுதலாகிவிடலாம். ஆகவே வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் இப்போது வேண்டாம். உங்கள் சொந்தச் சபையார் கிறிஸ்துமஸுக்கு இரவில் வீடுவீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அந்த அழுகை

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மா இறந்த நாளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: பந்தலுக்கு ஆள் சொன்னீர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பியும் படுக்க இடமும் ஏற்பாடு செய்தீர்கள், அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு என்பதையும் நீங்களே எழுதிக்கொடுத்தீர்கள். அழுததாக ஓர் இடத்திலும் இல்லை. நம் வீடுகளில் ஒப்பாரி இன்றைக்கு அநேகமாக இல்லை. வாய்விட்டு அழுகிற பெண்ணை உடனே உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து அடக்குகிறோம். உறவினர் கலைந்த பிறகு அழுதால், ‘இன்னுமா?’ என்று கேட்கிறார்கள்.

இப்படியே ஒரு வருடம் போனபின் அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றியிருந்த எல்லாரும் கண்ணை மூடிச் சத்தமாகக் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அழுவதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. பலர் சேர்ந்து ஒரே தாளத்தில் பாடிக் கைதட்டும்போது வலியைத் தாங்கும் திறன் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நன்றாக அழுது தீர்த்த பிறகு உடம்பு தளர்ந்து தூக்கம் வருவதும் இயற்கைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் சாப்பிட்ட வகை மாத்திரை சிலருக்கு அழுகையையே மந்தமாக்கிவிடும். ‘அழ வேண்டும் போல இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது’ என்று இத்தனை மாதமாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம்.

இதனால் அங்கே ஆவியானவர் செயல்படவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை அளக்க என்னிடம் கருவி கிடையாது. உங்கள் அழுகை நோயின் அறிகுறி அல்ல என்பதையும், அதைப் பிசாசின் கணக்கில் எழுத வேண்டியதில்லை என்பதையும் மட்டும் உறுதியாகச் சொல்வேன். அழுதது உங்கள் அம்மாவுக்காக. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாஸ்டருக்கு உங்கள் தூக்கம் பற்றி எப்படித் தெரிந்தது? அக்கா முன்பே சொல்லியிருக்கலாம். ‘எங்கள் டீச்சர் ஒருவருக்காக ஜெபியுங்கள்’ என்று கேட்பது அந்தச் சபைகளில் சாதாரணம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, அடக்க முடியாமல் அழுகிற ஒரு பெண் சரியாகத் தூங்குவதில்லை என்பதை ஊழியத்தில் பழகிய எவரும் அறிவார். தேவன் அவருக்கு உணர்த்தினார் என்று நீங்கள் நம்பினால் அதிலும் நான் தலையிடவில்லை. அவர் எப்படி அறிந்திருந்தாலும் சரி, அதை வைத்து மருந்தைப் பற்றி முடிவெடுக்க முடியாது. கூர்ந்து பாருங்கள், மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் பாஸ்டரே இல்லை. அக்கா சொன்னார்.

அந்நிய பாஷை பைத்தியமா, வசியமா?

இரண்டும் இல்லை. ஒருவருடைய சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டுக்குள் நடக்கிற, ஆராதனை முடிந்ததும் தானே முடிந்துவிடுகிற, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்காத அனுபவத்தை மனநல மருத்துவம் நோயாகக் கணக்கிடுவதில்லை. உங்கள் பக்கத்தில் பாஷை பேசிய அம்மா மறுநாள் காலை சோறு கட்டிக்கொண்டு அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போயிருப்பார். பைத்தியம் அப்படி நேரம் பார்த்து வந்து போகாது.

2006-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்நிய பாஷையில் ஜெபிக்கும் ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பக்திப் பாட்டு பாடியபோது இருந்ததைவிட, பாஷையில் பேசும்போது மூளையின் முன்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. நாம் திட்டமிட்டுப் பேசுவதில் அந்தப் பகுதிக்குப் பங்குண்டு. ‘நான் பேசவில்லை, என் வழியாகப் பேச்சு வருகிறது’ என்று அவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஐந்தே பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் அவர்கள் நடிக்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

வசியம் என்பதும் சரியல்ல. நீங்கள் பயந்தீர்கள், விழுந்த பையனைக் கவனித்தீர்கள், மகள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், காது வலிக்கிறது என்று நினைத்தீர்கள். இதெல்லாம் சுயநினைவோடு இருப்பவர் செய்வது. முதல்முறை போகிறவருக்கு அந்தக் காட்சி பைத்தியம் போலத் தோன்றும் என்பது புதிய விஷயமும் இல்லை. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் இதையேதான் கேட்கிறார்: எல்லாரும் ஒரே நேரத்தில் பாஷைகளில் பேசும்போது வெளியார் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்று சொல்லமாட்டார்களா? வீட்டில் வேதப்புத்தகம் இருக்குமே, அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். நீங்கள் பட்ட திகைப்பு அதில் அப்படியே இருக்கிறது.

விழுந்த இளைஞனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராதனையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் தாமாக எழுந்துவிடுவார்கள். கை கால் வெட்டி இழுப்பது, நாக்கைக் கடிப்பது, உடையிலேயே சிறுநீர் போவது, எழுந்த பிறகும் வெகுநேரம் குழப்பமாக இருப்பது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காக்காரன் கொண்டுவந்தது என்கிற உங்கள் மாமியாரின் கோபத்துக்கும் கொஞ்சம் வரலாறு சொல்லலாம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசூசா தெருவில் 1906-இல் தொடங்கிய எழுப்புதலைத்தான் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாய் ஆதரவற்ற பெண்களுக்காக நடத்திய முக்தி மிஷனில் பெண்கள் இப்படி அழுது ஜெபித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1860-இல், நம் பக்கத்துத் திருநெல்வேலியில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் பாஷைகளும் தீர்க்கதரிசனமும் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளுவதானால், மாமியார் தன் சபையையும் யோசிக்க வேண்டும். அதுவும் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் மயிலாடியில் 1809-இல் கட்டிய ஆலயத்திலிருந்து கிளைத்ததுதான். இதைச் சண்டைக்கு எடுத்துப் பேச வேண்டாம். உங்கள் மனம் தெளியத்தான் சொல்கிறேன்.

சத்தமோ கண்ணீரோ என்னைக் கவலைப்படுத்துவதில்லை. மருந்தை நிறுத்து, இந்த உணர்ச்சியிலேயே இவ்வளவு காணிக்கை பொருத்தனை பண்ணு, வீட்டில் யாருக்கும் சொல்லாதே: இந்த மூன்றில் ஒன்றை எந்த மதத்துக்காரர் சொன்னாலும் அங்கே கவனம் வேண்டும். உங்களுக்கு முதலாவது ஏற்கனவே நடந்துவிட்டது.

மகளின் பயம்

பெரியவர்கள் கூட்டமாகக் கத்துவதையும், ஒருவர் விழுவதையும், அம்மா நிறுத்தாமல் அழுவதையும் அந்தக் குழந்தை ஒரே நாளில், எந்த முன்விளக்கமும் இல்லாமல் பார்த்திருக்கிறாள். அதில் அம்மா அழுததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘அம்மா அன்றைக்குப் பாட்டியை நினைச்சு அழுதேன். அந்தக் கூட்டத்துல அப்படித்தான் சத்தமா ஜெபம் பண்ணுவாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் செய்யல.’ ஆவி, பிசாசு என்ற பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். அந்த அக்காவிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அன்று பார்த்ததை அவள் வரையட்டும், விளையாட்டாக நடித்துக்கூடக் காட்டட்டும், தடுக்காதீர்கள். சில வாரம் உங்கள் பக்கத்தில் படுத்தால் குறையொன்றுமில்லை. ஒரு மாதமாகியும் தூக்கம் சரியாகாவிட்டால், பள்ளிக்குப் போகப் பயந்தால், ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்காரரிடம் எதைச் சொல்வது

நீங்கள் இருவரும் இப்போது எந்தச் சபை பெரிது என்று சண்டை போடுகிறீர்கள். அதில் உங்கள் துக்கம் பேச்சிலேயே வரவில்லை. அவரிடம் முதலில் மாத்திரை நிறுத்தியதைச் சொல்லுங்கள். கோபப்படுவார். ஆனால் உங்கள் எரிச்சலுக்கும் தலைசுற்றலுக்கும் காரணம் தெரிந்தால் உதவுவதற்கு வழி பிறக்கும். அப்புறம் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் சேர்ந்தே போங்கள்.

எங்கே ஜெபிப்பது என்பது உங்கள் உரிமை. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு அதை ஒவ்வொரு தனிமனிதருக்கும் கொடுத்திருக்கிறது, கணவரையும் கமிட்டியையும் கேட்டுக் கொடுக்கவில்லை. அதே உரிமையால்தான், வேண்டாம் என்று அந்த அக்காவிடமும் நீங்கள் சொல்லலாம்.

ஒருநாள் போனதால் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் இடம் போய்விடுமோ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆராதனையில் உட்கார்ந்ததால் உங்கள் அங்கத்துவம் போய்விடாது. அந்தச் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பது வேறு விஷயம். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதும் என்பது சி.எஸ்.ஐ. நிலை, மறுபடி எடுப்பதை அது ஏற்பதில்லை. அதன் விளைவுகளை உங்கள் ஆயரிடம் முன்கூட்டியே நேராகக் கேளுங்கள். எதுவானாலும் மாத்திரை சீராகி, நீங்கள் நிலைக்கு வரும்வரை அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் வேண்டாம்.

மறுபடி போகலாமா?

போகலாம், இப்போது வேண்டாம். மருந்து மறுபடி நிலைகொள்ள நாலைந்து வாரம் ஆகட்டும். பிறகும் போகத் தோன்றினால் மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஸ்பீக்கருக்குத் தள்ளி, வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இந்த முறையும் காது இரைந்து, இரண்டு நாளில் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். போகும் முன்பு பாஸ்டரிடமே, அல்லது பாஸ்டரம்மாவிடம், ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் வருவேன், அது உங்களுக்குச் சம்மதமா?’ மருந்தில்லாத சுகம் என்பதையே போதனையாக வைத்திருக்கும் சபைகள் உண்டு. ஜெபித்துவிட்டு ‘டாக்டர் சொன்னபடி சாப்பிடம்மா’ என்று அனுப்புகிற பாஸ்டர்களும் உண்டு. என்னிடம் நோயாளிகளைக் கையோடு கூட்டிவருகிறவர்களே சிலர் இருக்கிறார்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்தானே. சம்மதம் என்று பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். தயங்கினாலோ, விசுவாசக் குறைவு என்றாலோ, அந்தச் சபை இப்போதைக்கு உங்களுக்கு ஏற்றதல்ல.

இதற்கிடையில் அழுகை வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். அம்மாவோடு பிறந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.